கூடவே வந்த கார்

"திருடன் கிடைச்சாச்சு. அவன்தான் திருடன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்" என்றார் மேனேஜர்.

ஆந்தையாருக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சட்டையைத் தைத்து முடித்துவிட்டு அளவு எடுக்கக் கூப்பிடுகிற ரகம். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. கூப்பிட்டது மேனேஜர் இல்லை, அக்கா. அக்கா கூப்பிட்டால் அவர் போய் நிற்பார். எதற்கு, ஏன் என்று கேட்கிற பழக்கம் சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கிடையாது.

ஆந்தையார் என்பது துப்பறியும் தொழில் வாங்கிக் கொடுத்த பெயர். எதிரில் இருப்பவர் உளறி முடிக்கிற வரைக்கும் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். பாதிப் பேர் அந்தப் பார்வை தாங்காமலே உண்மையைக் கக்கிவிடுவார்கள். அவருடைய உதவியாளரின் பெயர் வாயாடி. இதுவும் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று யாராவது கேட்டால், "எங்க பாஸ் பேச வேண்டியதையும் சேர்த்து நானே பேசறேன், ரெண்டு ஆள் வேலை" என்பாள்.

வாசலில் செக்யூரிட்டி ஏற்கெனவே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். இருவரின் போனையும் பிடுங்கி டப்பாவில் போட்டுப் பூட்டியது போதாது என்று, அவள் கைப்பையைக் கவிழ்த்து லிப்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தான். "என்னப்பா, உனக்கு இந்தக் கலர் எடுக்குமான்னு பார்க்கறியா?" என்று அவள் கேட்டதில் பின்னால் நின்ற கூரியர்காரர் வரை சிரித்துவிட்டார்.

இப்போது நான்காவது மாடியில், கண்ணாடி மேஜையைச் சுற்றி ஐந்து பேர். மேனேஜர், அக்கா, இவர்கள் இருவர், அப்புறம் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்த டிரைவர். நடுத்தர வயது, துவைத்துத் துவைத்து வெளுத்த சீருடை. அவர் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்திருந்தார்.

"என்னோட ப்ரோக்ராம் போச்சுடா தம்பி" என்றாள் அக்கா. கண்ணுக்குக் கீழே கருவளையம். "ராப்பகலா உட்கார்ந்து செஞ்சது. எதிர்க் கம்பெனிக்காரன் அதையே தன்னோடதுன்னு நேத்து அறிவிச்சுட்டான்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கக்கா" என்றாள் வாயாடி. "பாஸ் புரிஞ்ச மாதிரியே உட்கார்ந்திருப்பார். வெளியே போனதும் என்னைத்தான் கேட்பார்."

அக்கா லேசாகச் சிரித்தாள். "ரோட்டுல ஓடற வண்டி ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்னப் பெட்டி இருக்குன்னு வெச்சுக்கோ. மேப், எந்த ரோடு மூடியிருக்குங்கற தகவல், பாட்டு, படம்னு அது கொஞ்சம் ஃபைல் எடுத்து வெச்சிருக்கும். உன் வண்டிக்கு ஏதாவது வேணும்னா தூரத்துல இருக்கற டவரைக் கேட்க வேண்டாம். பக்கத்துல போற வண்டியைக் கேட்டா, அது கொடுத்துடும்."

"பக்கத்து வீட்டுல சர்க்கரை வாங்கற மாதிரி."

"அதேதான். ஆனா இங்க பக்கத்து வீடு ஓடிட்டே இருக்கு! சர்க்கரையைக் கொட்டி முடிக்கறதுக்குள்ள வீடு தெருமுனை தாண்டிடும். பெட்டியிலயும் இடம் கம்மி. எதை வெச்சுக்கறது, எதைத் தூக்கிப் போடறது, யாருக்கு எவ்வளவு கொடுக்கறது? அதுக்குத்தான் நான் விதி எழுதினேன். எதிர்ல வர்ற வண்டி கண் சிமிட்டற நேரத்துல போயிடும், அதனால அதுக்கு ஒரு துண்டு போதும். ஒரே திசையில கூடவே வர்ற வண்டியா? முழுசாக் கொடு, அதுகிட்ட இருக்கறதையும் முழுசா வாங்கிக்கோ. அடிக்கடி கேட்கற ஃபைலை என்ன ஆனாலும் வீசாதே. யாருமே கேட்காததை முதல்ல வீசு. வண்டி நின்னா பெட்டியும் தூங்கிடணும். கேட்கறதுக்கு சுலபமா இருக்கும். செஞ்சு பார்த்தா மண்டை காஞ்சிடும்."

பேசப் பேச அவள் முகம் தெளிந்தது. ஆந்தையாருக்குப் பெருமையாக இருந்தது. எங்க அக்கா என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாம் போல இருந்தது.

"நாங்க எழுதினோம்" என்று திருத்தினார் மேனேஜர். "தனி ஆள் வேலை இல்ல. டீம்."

அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மேனேஜர் விஷயத்துக்கு வந்தார். இந்த வாசலைத் தாண்டி ஒரு குண்டூசி வெளியே போக முடியாது. போவது சோதனை வேன்கள் மட்டும்தான். அவற்றில் இருக்கிற பெட்டியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. யாரோ அந்த ப்ரோக்ராம் மொத்தத்தையும் பாட்டு என்று பெயர் மாற்றி ஒரு வேனின் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். போன வாரம் அந்த வேன் வெளியே போனது, வந்தது. நேற்று எல்லா வேனையும் சோதித்ததில் இந்த டிரைவரின் பெட்டியில் அந்த ஃபைல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"இதையும் பாருங்க." அவர் ஒரு போட்டோவை மேஜையில் தள்ளினார். பாலத்துக் கேமரா எடுத்தது. ஒரு பக்கம் வேன் போகிறது. எதிர்ப் பக்கம் எதிர்க் கம்பெனியின் கார், கதவில் அவர்கள் சின்னத்தோடு. "இங்கதான் கை மாறியிருக்கு. சாயங்காலம் போலீஸ் வருது. நீங்க ஒரு ஆளைக் காட்டினா தப்பவே தப்பாதுன்னு மேடம் சொன்னாங்க. அதான் கூப்பிட்டோம்."

"சார்" என்றார் டிரைவர். "எனக்கு அந்தப் பெட்டியில பாட்டு கேட்கத் தெரியும் சார். ஏத்தறது இறக்கறதெல்லாம் சத்தியமா தெரியாது."

"உன்கிட்ட யாரும் கேட்கலை" என்றார் மேனேஜர்.

அக்கா தம்பியின் கையைத் தொட்டாள். "சீக்கிரம் முடிச்சுக் கொடுடா. இழுத்துதுன்னா எங்க டிபார்ட்மெண்டையே மூடிடுவாங்க."

ஆந்தையார் எழுந்தார். "டிரைவரை நான் கூட்டிட்டுப் போறேன். வேனைப் பார்க்கணும்."

படிக்கட்டில் டிரைவரை முன்னால் போகவிட்டு வாயாடி குரலைத் தணித்தாள். "பாஸ், அந்த போட்டோவுல ரெண்டு வண்டியும் எதிர் எதிரா போகுது."

"ம்."

"எதிர்ல வர்ற வண்டிக்கு ஒரு துண்டுதான்னு அக்கா இப்பதானே சொன்னாங்க? அந்த ஒரு துண்டை வெச்சுக்கிட்டு எதிர்க் கம்பெனிக்காரன் என்ன, நாக்கா வழிப்பான்? அந்தப் பாலத்துல தினம் ஊரே எதிர் எதிராத்தான் போகுது."

"சரிதான். பாலத்துல எதுவும் கை மாறலை."

"மேனேஜருக்குத் தெரியலை, போகட்டும். சொந்தமா ஒரு விதி எழுதத் தெரியாத ஆளு. அக்காவுக்குத் தெரியாதா? போட்டோவைப் பார்த்துட்டு ஏன் சும்மா உட்கார்ந்திருந்தாங்க?"

ஆந்தையார் சட்டென்று நின்றார். "அவ பயந்து போயிருக்கா. அந்த ஆள் முன்னாடி அவளால என்ன பேச முடியும்? நீ உன் வேலையைப் பாரு."

இவர் இப்படி எரிந்து விழுந்து வாயாடி பார்த்ததே இல்லை. அவருக்கே அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

கீழே ஷெட்டில் நான்கு வேன்கள் வரிசையாக நின்றன. மூன்றில் அங்கங்கே கீறலும் ஒடுக்கும். நான்காவது மட்டும் நேற்று வாங்கியது போல இருந்தது. டிரைவர் அதன் கதவைத் திறக்கும்போதுகூட மெதுவாகத்தான் திறந்தார்.

"உங்களை இங்க என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டாள் வாயாடி.

டிரைவர் சங்கடமாகச் சிரித்தார். "ராக்கெட்."

"அவ்வளவு வேகமா?"

"இல்லைங்க. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். ரூல்ல என்ன வேகம் போட்டிருக்கோ அதைவிடக் கொஞ்சம் கம்மியா. சைக்கிள்காரங்க முந்திட்டுப் போறப்ப டாட்டா காட்டுவாங்க. அதான் பசங்க அப்படிப் பேர் வெச்சுட்டாங்க." அவர் வேனின் பக்கவாட்டை உள்ளங்கையால் துடைத்தார். "கிண்டல் பண்ணா பண்ணிட்டுப் போறாங்க. என் வண்டி மேல இதுவரைக்கும் ஒரு கீறல் கிடையாது சார்."

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்ல சார். மதியம் ஆபீஸ் போன்ல கூப்பிட்டா. வண்டி ரிப்பேர், வர லேட்டாகும்னு சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கம் இல்லையா, நாக்கு ஒட்டிக்கிச்சு." அவர் வேன் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். "போலீஸ் கேஸ்னு ஒண்ணு விழுந்துட்டா யாரும் என் கையில சாவி தர மாட்டாங்க சார். எனக்கு வண்டி ஓட்டறதை விட்டா எதுவும் தெரியாது."

ஆந்தையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ராக்கெட்டும் கண்ணை எடுக்காமல் திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்குகிறவர்கள் குறைவு.

"போன வாரம் நீங்க வெளியே போனப்ப, உங்களோடயே, அதே திசையில, அதே வேகத்துல ஏதாவது வண்டி வந்துதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பாஸ், இவர் வேகத்துல கூடவே வரணும்னா யாராவது நடந்துதான் வந்திருக்கணும்."

ராக்கெட் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. "வந்துச்சு சார்! ஒரு வெள்ளைக் கார். ஸ்டாஃப் கார் எல்லாம் கேட்டுக்கு வெளியேதானே நிக்கும், அதைத் தாண்டினதும் பின்னாடி வந்து சேர்ந்துச்சு. ஆத்தோரம் வரைக்கும் வந்துச்சு. ஒரு ஹார்ன்கூட அடிக்கலை."

"அது என்ன பெரிய விஷயம்?"

"என்ன மேடம் இப்படிக் கேட்கறீங்க? என் பின்னாடி வர்றவங்க எல்லாம் ஹார்ன் அடிச்சு, கெட்ட வார்த்தையில திட்டிட்டு, முந்திட்டுப் போவாங்க. இந்தக் காருக்கு நான் ஓரம்கட்டி வழி விட்டேன், அப்பவும் போகலை. பரவாயில்ல நீங்க போங்கங்கற மாதிரி பின்னாடியே வந்துச்சு. ரோட்டுல நம்மளையும் மதிக்கற ஆள் ஒருத்தர் இருக்காரேன்னு மனசுக்குள்ள அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வீட்டுல போய்ச் சொன்னேன்னா பாருங்களேன்." அவருக்கும் புரிய ஆரம்பித்திருந்தது. "அது மரியாதை இல்லையா சார்?"

ஆந்தையார் வேனின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

"கண்ணாடியில வெயில் அடிச்சுது சார். தெரியலை."

"வெள்ளைக் கார்" என்று பெருமூச்சு விட்டாள் வாயாடி. "ஊர்ல பாதி அதுதான். இனிமே குற்றம் பண்றவங்க எல்லாம் ரோஸ் கலர் கார்லதான் வரணும்னு ஒரு சட்டம் போட்டா என்ன பாஸ்?"

"கார் வேண்டாம். பெட்டி போதும்." ஆந்தையாருக்கு இப்போது உற்சாகம் வந்திருந்தது. "கூட வர்ற வண்டிக்கு முழுசாக் கொடு, அதுகிட்ட இருக்கறதையும் முழுசா வாங்கிக்கோ. அக்கா சொன்னதுல ரெண்டாவது பாதியை எல்லாரும் மறந்துட்டோம். அந்தக் காரும் இந்தப் பெட்டிக்கு ஏதாவது கொடுத்திருக்கும்."

"மேனேஜர் ஆளுங்க பெட்டியைச் சோதிச்சுட்டாங்களே?"

"அவங்களுக்கு வேண்டியது கிடைச்ச உடனே மூடி வெச்சுட்டாங்க. மீதியில என்ன இருக்குன்னு எவன் பார்த்தான்?"

ஷெட்டிலேயே ஒரு லேப்டாப் இருந்தது. மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ராக்கெட்டின் பெட்டியை அதில் மாட்டினார்கள். திரையில் ஃபைல்கள் வரிசை கட்டின. வாயாடி ஒவ்வொன்றாகப் போட, ராக்கெட் பக்கத்தில் நின்று தலையாட்டினார். மேப் எல்லா வண்டிக்கும் பொது. சாலைத் தகவல் பொது. அப்புறம் பாட்டுகள். எல்லாமே மெதுவான பாட்டுகள்தான். "இது என்னுது. இதுவும் என்னுதுதான். இது என் வீட்டுக்காரிக்குப் பிடிச்சது."

கடைசியில் பெயரே இல்லாமல் ஒரு ஃபைல். வாயாடி அதைத் தட்டினாள்.

இரைச்சல். ஏதோ பழைய டேப்பிலிருந்து எடுத்தது. பிறகு ஒரு சின்னப் பையனின் குரல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"ஏழாறு நாப்பத்திரெண்டு. ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு..." ஒரு நிறுத்தம். "ஏழெட்டு அம்பத்தி நாலு."

ஒரு பெண் குழந்தை சிரித்தது. "தப்பு! அம்பத்தாறு. திரும்பச் சொல்லு."

"அம்பத்தி நாலுதான்!"

"அப்பா வந்தா முதுகு பழுத்துடும்டா. சரி வா, உனக்குச் சொல்லித் தர்றேன். நீ எல்லாம் சரியாச் சொன்னேன்னு அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"இது என்னுது இல்ல சார்" என்றார் ராக்கெட்.

வாயாடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரு பாஸ் இந்த மக்கு? சொல்லிக் கொடுத்த அப்புறமும் அம்பத்தி நாலுதான்னு அடம் பிடிக்குது பாருங்க..." என்று திரும்பியவள், அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"நான்தான்" என்றார் ஆந்தையார்.

அந்த டேப் உலகத்தில் ஒருத்தியிடம்தான் இருந்தது. அதை அவள் காரில் போட்டுக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போவாளாம். அவளே சொல்லியிருக்கிறாள். அடிக்கடி கேட்கிற ஃபைலை என்ன ஆனாலும் வீசாதே. அப்படி வீசாமல் வைத்திருந்ததைத்தான், கூடவே போன வேனுக்கு அந்தக் கார் எடுத்துக் கொடுத்திருக்கிறது. வண்டி நின்றால் பெட்டியும் தூங்கிவிடும். ஆகவே எங்கேயோ பக்கத்தில் நிறுத்தியபோது வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழி இல்லை.

"பாஸ், அவசரப்பட வேண்டாம்" என்றாள் வாயாடி. கேலி செய்த குரல் எங்கேயோ போயிருந்தது. "வேற யாராவது அக்கா காரை எடுத்திருக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். படிக்கட்டில் இவள் கேட்டது காதில் திரும்பத் திரும்ப வந்தது. அக்கா ஏன் சும்மா இருந்தாள்? ஊரில் எத்தனையோ துப்பறிகிறவர்கள் இருக்க, இவரை எதற்குக் கூப்பிட்டாள்? அவருக்கு முதலில் அழுகைதான் வந்தது. கோபம் அதற்கு அப்புறம் வந்தது.

அக்கா மூன்றாவது மாடிப் படிக்கட்டில் அவருக்காகக் காத்திருந்தாள். "முடிஞ்சுதா?"

"ஒரு சந்தேகம்கா. பாட்டு பொது, போகட்டும். வீட்டுல பேசின பேச்சு மாதிரி ஒருத்தரோட சொந்த ஃபைல் பக்கத்து வண்டிக்குப் போகாம இருக்க ஏதாவது பூட்டு உண்டா?"

"இல்லாமயா? ஆரம்பத்துல இல்ல. அப்புறம் எல்லாப் பெட்டிக்கும் நானே உட்கார்ந்து போட்டேன். ஒரு வண்டி பாக்கி இல்ல."

"உன் கார்ல இருக்கறது எப்பப் போட்ட பெட்டி?"

"அதுதான் முதல் பெட்டி. வீட்டுல வெச்சுச் சோதனை பண்ண..." அக்கா வாயைத் திறந்தபடியே நின்றாள். ஊர் வண்டிக்கெல்லாம் பூட்டுப் போட்டவள் சொந்தக் காருக்கு மட்டும் போடவில்லை. தினமும் அதில்தான் போய் வந்தாள். நம்முடையதுதானே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள்.

"மறந்துட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் எதை ஒப்புக்கொண்டோம் என்று அவளுக்கு உறைத்தது. "என்ன வெளியே வந்துது?"

"ஏழாம் வாய்ப்பாடு."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் 'நாங்க எழுதினோம்'னு சொன்னதைக் கேட்டேல்ல?" என்றாள். "காப்புரிமையில என் பேரே இல்லடா. அவன் பேர்தான் இருக்கு. நான் கேட்டதுக்குச் சிரிச்சான். எதிர்க் கம்பெனிக்குப் போனா என் பேர்ல போடறேன்னு சொன்னாங்க. நான் பெத்ததை நான் தூக்கிட்டுப் போனேன். இது திருட்டா?"

"எனக்குத் தெரியலைக்கா. அதோட நின்னிருந்தா நான் உன் பக்கம்கூட நின்னிருப்பேன். ராக்கெட் பெட்டியில இருந்ததை ஏன் அழிக்கலை?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"தெரியாமலா விட்டே? சொல்லு."

"அழிச்சா எல்லாரையும் தேடுவாங்க. தேடினா என்கிட்ட வருவாங்க. அவர்கிட்ட கிடைச்சா அதோட நிறுத்திடுவாங்க."

"அதனால அந்த மனுஷனைக் கொடுத்துட்டே."

"அவருக்கு நான் வேற இடத்துல வேலை வாங்கித் தர்றேன்டா."

"போலீஸ் கேஸோடயா? யாரு சாவி கொடுப்பா அவர் கையில?" அவர் குரல் உயர்ந்து படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. "என்னை எதுக்குக் கூப்பிட்டே? அதைச் சொல்லு."

"நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"அது மட்டும்தானா?"

அக்கா தரையைப் பார்த்தாள். "நீ என்னைச் சந்தேகப்பட மாட்டே."

இத்தனை வருஷமாக அவளிடம் எதையும் கேட்காமல் போய் நின்றது பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அதைக் கணக்கில் எடுத்து ஒரு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறாள்.

"உனக்காக அப்பாகிட்ட எத்தனை பொய் சொல்லியிருக்கேன்" என்றாள் அக்கா எழுந்துகொண்டே. சேலையைச் சரி செய்து, கண்ணைத் துடைத்தாள். "எனக்காக ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ சொல்லுவே. எனக்குத் தெரியும்." மேலே ஏறிப் போனாள்.

கீழேயிருந்து வாயாடியும் ராக்கெட்டும் வந்து சேர்ந்தார்கள். "என்ன பாஸ் பண்ணப் போறீங்க?" என்று வாயாடி கேட்டாள். அவர் ராக்கெட்டைப் பார்த்தார். ராக்கெட்டுக்கு எதுவும் தெரியாது. அவர் தன் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார், போலீஸ் முன்னால் மரியாதையாக நிற்க வேண்டும் என்று.

மேஜையைச் சுற்றி மறுபடியும் ஐந்து பேர். ஜன்னல் வழியாகப் போலீஸ் ஜீப் கேட்டுக்குள் திரும்புவது தெரிந்தது.

"இவன்தானே?" என்றார் மேனேஜர்.

"இவர் இல்ல. பாலத்துல எதிர் எதிரா போற வண்டிக்கு ஒரு துண்டுதான் போகும். உங்க ப்ரோக்ராமோட விதியே அதுதான். மொத்த ஃபைலையும் வாங்கினது இவர் பின்னாடியே மெதுவா வந்த ஒரு வெள்ளைக் கார்."

"யார் கார்?"

ஆந்தையார் எத்தனையோ அறைகளில் எத்தனையோ பேரைக் காட்டியிருக்கிறார். "எங்க அக்கா கார்" என்றார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தார். பாவி என்று திட்டுவாள், கன்னத்தில் ஒன்று கொடுப்பாள் என்றுகூட நினைத்தார். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றார். அக்கா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மேனேஜரிடம் பேசினாள். குரல் நிதானமாக இருந்தது.

"மன்னிச்சுடுங்க சார். தப்பு என்னுது. சொந்தக்காரனை இதுக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாது. எங்களுக்குள்ள அப்பா வீட்டு விஷயமா ரொம்ப நாளா தகராறு. இவனுக்குப் படிப்பு ஏறலை, நான் மேல வந்தது பொறுக்கலை. இப்படிப் பழி தீர்ப்பான்னு நான் எதிர்பார்க்கலை. இவன் பேச்சை நீங்க எடுத்துக்க வேண்டாம்."

"அக்கா!" என்று எழுந்தாள் வாயாடி.

தகராறு எதுவும் இருந்ததில்லை. அப்பா வீட்டை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஆந்தையார் அவளையே பார்த்தார். இன்றைக்கு அவருடைய பார்வைக்கு அசையாத இரண்டாவது ஆள் இவள். ராக்கெட் அசையாததற்குக் காரணம் வேறு.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார் இது? நான் யாரை நம்பறது?"

"யாரையும் நம்ப வேண்டாம்" என்றார் ஆந்தையார். "கூட வந்த வண்டி வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். இவர் வேன்ல இருக்கற பாட்டெல்லாம் அந்தக் கார் பெட்டியிலயும் முழுசா இருக்கும். கார் வெளியேதான் நிக்குது, போய்ப் பாருங்க. இவர் வீட்டுக்காரிக்குப் பிடிச்ச பாட்டு வரைக்கும் இருக்கும்."

அக்காவின் கை மேஜைக்கு அடியில் கைப்பையைத் தேடி நகர்ந்தது. அதை வாயாடியும் பார்த்தாள், மேனேஜரும் பார்த்தார். கதவுக்கு வெளியே பூட்ஸ் சத்தம் நெருங்கி வந்தது.

ஆந்தையார் ராக்கெட்டின் தோளில் கையை வைத்தார். பிறகு மேனேஜரிடம் சொன்னார்.

"அந்த அம்மாகிட்ட கார் சாவியை வாங்குங்க சார்."

அக்கா அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.